காது இல்லாத கேமரா

வா கண்ணு, வா. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், அப்படியே உள்ள வா. கேமராக் கடையிலிருந்துதானே வர்றே? உடுமலையிலிருந்து கள்ளிவலசு வர்றதுக்கு இம்புட்டு நேரமா? செரி, போகட்டும். காப்பி அப்புறம் குடிக்கலாம், மொதல்ல அதைப் பாரு. அதா, அலமாரி மேல, என்ற வூட்டுக்காரி போட்டோவுக்குப் பக்கத்துல. எப்படித் தலையைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்குது பாத்தியா? வெள்ளிக்கிழமையிலிருந்து இதே கோலம்தான். கரெண்ட் இருக்குது. ஒயரைப் புடுங்கி மறுபடி சொருகிப் பாத்துட்டேன். தட்டிக்கூடப் பாத்துட்டேன். ஒரு சுத்து சுத்துது, செவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு மினுக்குது, அப்புறம் சீக்குக் கோழியாட்டத் தலையைப் போட்டுருது.

எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. கடைக்கு ஓயாம போன் பண்ணுனேன்னு உங்க முதலாளி சொல்லியிருப்பாரு. அது வாரண்டி முடியறதுக்குள்ள பாத்துரலாம்னுதான். மத்தபடி இந்தக் கருமம் ஓடுனா என்ன, ஓடாட்டி என்ன? நானா கேட்டேன் இதை?

ஸ்டூல் மேல ஏறிக்க. ஆடாது, நான் புடிச்சுக்கறேன். நானும் ஏணி மேல நின்னு பொழச்சவன்தான். வெளிய போர்டு பாத்தியா, கோகிலவாணி சவுண்ட் சர்வீஸ்னு? அது நான்தான். மைக் செட்டு ஆறுச்சாமின்னா சுத்துப்பட்டுல தெரியாத ஆளில்ல. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மாரியம்மன் நோம்பி, எதுன்னாலும் என்ற செட்டுதான். கோகிலவாணிங்கறது பொண்ணு பேரு. அவ பொறந்தப்ப எழுதுன போர்டு. அதை அழிச்சுப் போடோணும்னு பாக்கறேன், பெயிண்டர் கெடைக்க மாட்டேங்கறான். எதுத்த வூட்லதான் இருக்கறான். ஆனா கேக்கறதுக்கு நேரம் அமையல.

நான் என்ற பொண்ணுகூடப் பேசறதில்ல கண்ணு. இப்பவே சொல்லிப்போடறேன், இல்லாட்டி நீ பாட்டுக்கு "அக்காவைக் கேளுங்க, அக்காவைக் கேளுங்க"ன்னுட்டு இருப்பே. போன வருச நோம்பிக்குத்தான் இவ போனா, ராமாத்தா. போட்டோவுல சிரிக்கறாளே, இவதான். வூட்ல தனியா இருந்திருக்கறா. நெஞ்சுல என்னமோ பண்ணுதுன்னு எனக்குப் போன் அடிச்சிருக்கறா. நான் கோயில்கிட்ட ஆம்ப்ளிஃபயர் முன்னால உக்காந்திருக்கறேன். ரெண்டு பக்கமும் ஆளுசரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி. போன் சட்டைப் பையில கெடக்குது. எப்படிக் கேக்கும்? நீயே சொல்லு, கேக்குமா? அடிச்சிருக்கறா, மறுபடி அடிச்சிருக்கறா, மறுபடியும் அடிச்சிருக்கறா. சாமி பொறப்பாடு நேரம். அந்தச் சத்தத்துல போன் கேக்கலைன்னா அது மனுசன் தப்பா?

பக்கத்து வூட்டுக்காரங்க காரைப் புடிச்சு ஏத்தியிருக்காங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேரல.

பொண்ணு புனாவிலிருந்து வந்தா. அங்கதான் கம்பெனியில வேலை, அவளுக்கும் மாப்பிள்ளைக்கும். வந்தவ என்னைக் கட்டிப்புடிச்சு அழுவான்னு பாத்தேன். அவ அம்மா போனைக் கையில வெச்சுக்கிட்டு என் முன்னால வந்து நிக்கறா. ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் இருக்கறாங்க. "ஊருக்கே கேக்கற மாதிரி மைக் வெச்சீங்களேப்பா, அம்மா கூப்பிட்டது மட்டும் உங்களுக்குக் கேக்கலையா?"ங்கறா.

பெத்த அப்பனைப் பாத்துக் கேக்கற கேள்வியா கண்ணு இது? எனக்கு ஒடம்பெல்லாம் பத்திட்டு வந்துது. அங்கயே, பொணத்துக்கு முன்னால, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிப் போட்டேன். "இனி உன்ற மூஞ்சியில முழிக்க மாட்டேன். உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன். இது ராமாத்தா மேல ஆணை"ன்னு. சொன்னா சொன்னதுதான். ஆறுச்சாமி வாக்கு மாறுனான்னு ஒரு பய சொல்ல முடியாது.

என்ன கண்ணு அது, கையில? குண்டூசியா? எதுக்கு?

ஏய், ஏய், இரு! கையை எடு. ரீசெட்டா? ரீசெட் பண்ணி என்ற போன்ல போட்டுத் தர்றியா? அப்ப அவ போன்ல? போயிருமா? போயிருமாங்கறேன்! அந்த ஊசியைக் கீழ போடு மொதல்ல. எனக்கு எதுக்கு இது என்ற போன்ல? நான் உக்காந்துட்டு என்னையே பாக்கறதுக்கா? அவ போன்ல இருந்து போகக் கூடாது. அதுக்கில்லாம வேற எதுக்கு உன்னை வரச் சொன்னேன்?

இல்ல, கோவமில்ல. சத்தமாப் பேசிப் பழகிட்டேன், அவ்வளவுதான். நீ பாரு, பாரு. ஊசி மட்டும் வேண்டாம்.

இது எப்படி வந்துதுங்கறதைக் கேளு. காரியமெல்லாம் முடிஞ்சு அவங்க கெளம்பற அன்னிக்கு மாப்பிள்ளைதான் இதைக் கொண்டாந்து வெச்சாரு. கிரிதரன்னு பேரு, நல்ல மனுசன். "மாமா, இதுக்கு வைஃபை எல்லாம் வேண்டாம். உள்ளயே சிம்கார்டு இருக்குது. டவர் கெடைச்சாப் போதும், கோகிலா புனாவுல இருந்துட்டே போன்ல உங்களைப் பாத்துக்குவா. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா இருந்தாப் போதும்"னாரு. அவ வாசல்லயே நிக்கறா. உள்ள வரல. என்னைத் திரும்பிப் பாக்கல. செருப்பை மாட்டுனா, காருல ஏறுனா, போயிட்டா.

போன கையோட ஒட்டடைக் குச்சியை எடுத்தேன். தட்டி உட்டுரலாம்னு. என்னை வேவு பாக்கறதுக்கு ஒரு பொட்டியா? குச்சியைத் தூக்கறேன், கண்ணு, அது மெதுவாத் தலையைத் திருப்பி என்னைப் பாக்குது. சின்னதுல அவ படிச்சுட்டு இருக்கறப்ப நான் உள்ள வந்தாத் தலையைத் தூக்கிப் பாப்பா. அதே மாதிரி. எனக்குக் கை எந்திரிக்கல. குச்சியைச் சாத்தி வெச்சுட்டேன்.

அப்புறம் உக்காந்து ரோசனை பண்ணுனேன். நான் என்ன சொன்னேன்? உன்ற மூஞ்சியில முழிக்க மாட்டேன்னேன். செரி, முழிக்கல. பேச மாட்டேன்னேன். பேசல. அவ என்னைப் பாக்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் சொன்னேனா? சொல்லல. இதுல அவதான் என்னைப் பாக்கறா, நான் அவளைப் பாக்கறதில்ல. அப்ப ஆணைக்கு ஒரு கொறையும் இல்ல. செரிதானே? வக்கீலுக்குப் படிச்சவன்கூட இதுல குத்தம் கண்டுபுடிக்க முடியாது.

அதிலிருந்து நான் சாப்பிடறது இங்கதான், இந்தச் சேருல, அதுக்கு நேரா. முன்னயெல்லாம் அடுப்படியிலயே நின்னுட்டு நாலு வாய் அள்ளிப் போட்டுக்குவேன். இப்பத் தட்டைப் போட்டு, ரசம் ஊத்தி, பொரியல் வெச்சு, கொஞ்சம் சாச்சுக் காட்டிட்டுத்தான் சாப்பிடறது. பனியனோட நிக்கறதில்ல, சட்டை போட்டுக்கறேன். பிரசர் மாத்திரையை வாயில போடறதுக்கு முன்னால அட்டையை இப்படித் தூக்கிப் புடிப்பேன். அது தலையைத் திருப்பிப் பாக்கும். பாத்துட்டாடா சாமின்னு முழுங்குவேன். நான் அடுப்படிக்குப் போனா அடுப்படிப் பக்கம் திரும்பும். வாசலுக்குப் போனா வாசல் பக்கம். புனாவுல வேலைக்கு நடுவுல உக்காந்து பொத்தானை அமுக்கி அமுக்கி என்னையே சுத்திச் சுத்திப் பாக்கறா. கோவக்காரிதான், ஆனா பாசம் எங்க போகும்?

என்ன சொல்றே?

இரு. மறுபடி சொல்லு. தானாத் திரும்புமா?

யாரும் அமுக்க வேண்டியதில்லியா? எது அசைஞ்சாலும் அதைப் பாத்து... எதுன்னாலுமா? பூனை போனாக்கூடவா? பல்லிக்கு? பூனையும் நானும் ஒண்ணுதானா?

இல்ல, நீ வேலையைப் பாரு. ஒண்ணுமில்ல. சித்த உக்காந்துக்கறேன். ஸ்டூல் ஆடாது, பயப்படாதே.

பூனைக்குத் திரும்புனதைக்கூட நான் பாத்திருக்கறேன் கண்ணு. அவளுக்குப் பூனைன்னா உசுரு, அதான் பூனையைப் பாக்கறாடான்னு நெனச்சேன். பூனைக்குத் தனியாப் பாலெல்லாம் ஊத்துனேன், அவ பாக்கட்டும்னு.

அப்ப அவ ஒரு நாளுமே பாக்கலியா?

இல்ல இல்ல. பாத்தா. பாத்திருக்கறா, இரு, என்கிட்டச் சாட்சி இருக்குது. ஒருக்கா கேஸ் தீந்துபோச்சு. அவ பேருலதான் கனெக்‌ஷன், அவதான் புக் பண்ணோணும். நான் போய்க் கேக்க முடியுமா? காலி சிலிண்டரை உருட்டிக் கொண்டாந்து இது முன்னால படுக்கப் போட்டு வெச்சேன். வந்துது கண்ணு, புது சிலிண்டர்! பாக்காமயா வந்துது? சொல்லு. அப்புறம் மழைக் காலத்துல எனக்கு இருமல். மெடிக்கல்காரர் சண்முகவேலு வண்டியெடுத்துட்டு வந்து மருந்து பாட்டலைக் குடுக்கறாரு. "உங்க பொண்ணு போன் பண்ணுச்சுங்க, ரெண்டு நாளா அப்பா விடாம இருமறாங்களாம்"ங்கறாரு. கேட்டியா? அப்ப பாத்திருக்கறாளா இல்லியா?

ஆனா ஒண்ணு. நான் இருமுனது பின்னால, பாத்ரூம் பக்கம். இந்தக் கேமரா எங்கயிருந்து அதைப் பாத்துது? அது எனக்கு அன்னிக்கே தோணுச்சு. செரி, மூஞ்சி செவந்திருக்கும், பாத்துக் கண்டுபுடிச்சிருப்பான்னு உட்டுட்டேன்.

ஏன் சிரிக்கறே?

மைக்கா? இதுலயா? என்கிட்டயே சொல்றியா? நான் இதைக் கையில எடுத்து முன்னயும் பின்னயும் பொரட்டிப் பாத்தவன். எத்தனை வகை மைக் பாத்திருப்பேன் நான்! கைமைக், காலர் மைக், ஸ்டாண்டு மைக். வலை இருக்கோணும், ஊதுனாக் காத்து உள்ள போகோணும். இதுல என்ன இருக்குது? மொழுமொழுன்னு முட்டையாட்ட இருக்குது. இது செவிடுன்னு நான் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். எதுத்த வூட்டுப் பெயிண்டர்கிட்டக்கூடச் சொன்னேன், கண்ணு இருக்குது, காது இல்லைடான்னு.

எங்க? அந்தப் பொத்தலா? ஊசி குத்துன மாதிரி இருக்கறதா? அதுவா மைக்கு?

அது வழியா இந்தக் கூடத்துல பேசறது புனாவுல கேக்குமா?

எல்லாமுமா?

அட கெரகமே.

கண்ணு, உனக்கு விசயம் தெரியாது. இந்தப் போட்டோ இருக்குது பாரு, அதுக்கு ஒட்டுனாப்புல இந்தக் கேமரா. நான் இவகிட்டத்தான் தெனமும் பேசறது. ராமாத்தாகிட்ட. வேற யாரு இருக்கறா பேசறதுக்கு? இவ கேக்கறாளோ இல்லியோ, அந்தப் பொத்தல் என்ற வாய்க்கு நேரா இருந்திருக்குது. மைக்கை வாயில வெச்சுப் பேசுன மாதிரி. நானே ஆளுகளுக்குச் சொல்லிக் குடுப்பேன், மைக்கு ஆன்ல இருக்கறப்ப வாயை அடக்கோணும், இல்லாட்டி ஊரே சிரிக்கும்னு.

என்னென்ன பேசுனேன் சாமி... திட்டியிருக்கறேன். தெனமும் திட்டுவேன், அவளைத்தான். "உன்ற பொண்ணுக்கு வாயைப் பாத்தியா ராமாத்தா, நீ குடுத்த செல்லம்"னு தொடங்குவேன். திமிர் புடிச்ச கழுதைம்பேன். அப்பன் செத்தாத் தெரியும்பேன். சாப்பாட்டுல கை வெச்சதும், "அவ சாப்பிட்டாளான்னு ஒரு வார்த்தை கேளு"ம்பேன். இவகிட்டத்தான் சொல்றது. நான் கேக்க முடியாதில்ல? பண்டிகைக்குப் பண்டிகை, "புதுத்துணி எடுத்தாளான்னு கேளு"ம்பேன். அப்புறம் அழுகாச்சி. அதை விடு. அப்ப மட்டும் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்குவேன், ஆம்பளை அழுகறதைப் பூனை பாத்தாத் தப்பில்லைன்னு.

போன வியாழக்கிழமை இந்த வருசத் திருவிழாவுக்கு நோம்பி சாட்டுனாங்க. கோயில் முன்னால கம்பம் நட்டாச்சு. இந்த வருசம் வேற ஒருத்தன் செட்டு. நான் போகல, கதவைச் சாத்திட்டு இங்க உக்காந்திருந்தேன். ஆனா சத்தம் கதவுக்கெல்லாம் அடங்குமா? அப்பத்தான் ராமாத்தாகிட்டச் சொன்னேன். "அந்தப் புள்ளையை ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லு. நான் கூப்பிட முடியாது, வாயை உட்டுட்டேன். நீ சொன்னாக் கேப்பா. என்னால இந்தச் சத்தத்தைத் தனியாக் கேக்க முடியல"ன்னு. இதா, இந்த எடத்துல நின்னு சொன்னேன்.

அடுத்த நாள் இது செத்துருச்சு.

புரியுதா உனக்கு? கேட்டிருக்கறா. கேட்டுட்டு, சீ, இந்தக் கெழவன் எவ்வளவு திட்டுத் திட்டிப்போட்டு இப்பக் கூப்பிடறான் பாருன்னு, அங்கயிருந்து பொத்தானை அமுக்கி நிறுத்திப் போட்டா. அதான். ரிப்பேரெல்லாம் இல்ல. நிறுத்திப் போட்டா. அப்படித்தானே? கழட்டிப் பாத்தியே, சொல்லு.

இல்லியா? கேமரா நல்லாத்தான் இருக்குதா? அப்புறம்?

அந்த சிம்மை எதுக்கு உன்ற போன்ல போடறே? செரி, போட்டுப் பாரு.

ரீசார்ஜா? வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருச்சா? அவ்வளவுதானா! ரீசார்ஜ் தீந்தா இப்படித்தான் தலையைப் போட்டுருமா? அட, இதுக்கா நான்...

இரு. ரீசார்ஜ் பண்றது அவதான். மாசம் பொறந்தா டான்னு பண்ணிருவா. ஒரு தடவை தப்புனதில்ல. தப்பியிருந்தா இது இந்த மாதிரித் தலையைப் போட்டிருக்கோணும், போட்டதே இல்லியே. எம்மேல எம்புட்டுக் கோவம் இருந்தாலும் பண்ணியிருக்கறா. எல்லாத் திட்டையும் கேட்டுட்டும் பண்ணியிருக்கறா. அப்ப இந்த மாசம் ஏன் பண்ணல? மறக்கற புள்ளையில்ல அது. அம்மா மாத்திரை, அப்பா மாத்திரை, எல்லாத்துக்கும் போன்ல மணி வெச்சிருந்தவ.

அவளுக்கு என்னமோ ஆயிருச்சு கண்ணு.

நீ ஒண்ணு பண்ணு, உன்ற போன்ல இருந்து அவளுக்கு ஒரு போன் போடு. நான் பேச மாட்டேன், ஆணை இருக்குது. நீ பேசு. கேமராக்காரன்னு சொல்லு. நம்பரா? என்ற போன்ல அழிச்சுப்போட்டேன், அன்னிக்கே. மனப்பாடமாச் சொல்றேன், போட்டுக்க. சொல்லிட்டே வர்றேன், தப்பில்லாமப் போடு.

போகுதா? ஸ்பீக்கர்ல போடு. ரிங் போகுது... எடுக்கல. மறுபடி போடு. எடுக்கல. மறுபடி போடு கண்ணு. போட்டுட்டே இரு. ரிங் போகுது, போகுது... எடும்மா. எடு. கட்டாயிருச்சு. இன்னொருக்கா.

என்ன? பஸ்ஸுல கிஸ்ஸுல இருப்பாங்களா? சத்தத்துல கேட்டிருக்காதா?

சத்தத்துல கேக்காதா! போன் அடிக்கறது கேக்காத அளவுக்கு அப்படி என்ன சத்தம்? மனுசன் இங்க உசுரைக் கையில புடிச்சுட்டு அடிக்கறான், அடிச்சுட்டே இருக்கறான், எடுத்து ஒரு வார்த்தை என்னன்னு கேட்டா என்ன? பையில இருந்தா ஒடம்புல அதிருமே, அது தெரியாதா? கூப்பிடறவனுக்கு என்ன ஆச்சோன்னு ஒரு வெசனம் வேண்டாமா? ஒவ்வொரு ரிங்குக்கும் இங்க எப்படி இருக்குது தெரியுமா உனக்கு? எடுத்துருவாங்க, இதா எடுத்துருவாங்கன்னு...

நீ ஏன் போட்டோவைப் பாக்கறே?

என்னை எதுக்கு அப்படிப் பாக்கறே? போனைப் பாரு. அது வேற, இது வேற. அது சாமி பொறப்பாடு.

வேற.

செரி, போதும், இனி அடிக்க வேண்டாம். என்னால அந்த ரிங் சத்தத்தைக் கேக்க முடியல. நீ இதுக்கு ரீசார்ஜ் பண்ணி உடு. உன்ற போன்லயே பண்ணிரு, நான் குடுத்தர்றேன். இதை உசுப்பி உட்டாப் போதும். அவ எங்க இருந்தாலும், ஆஸ்பத்திரியிலயே படுத்திருந்தாலும், கைக்குப் போன் வந்தா மொதல்ல இதைத்தான் தொறந்து பாப்பா. பாக்கறப்ப நான் இங்க நிக்கோணும். திரையில கருப்பாத் தெரிஞ்சா அப்பனுக்கு என்னமோ ஆச்சுன்னு பயந்துருவா. அவ அம்மாவுக்கு அப்புறம் அவளுக்குப் பயம் ஜாஸ்தி கண்ணு. இல்லாட்டி எதுக்கு இந்தப் பொட்டியை வெக்கறா?

சட்டையை மாத்திக்கட்டுமா? இது போதுமா? தலை? செரி.

கதவு பூரா தொறந்து கெடக்குது, வெளிச்சத்துக்கு அப்படியே இருக்கட்டும். நான் அதுக்கு முதுகு காட்டி நின்னாத்தான் கேமராவுக்கு நேரா வரும். நீ சிம்மைப் போட்டு மூடு. சீக்கிரம் சாமி. அட, என்ன வேடிக்கை பாரு, ஊருல எல்லாரையும் பேச வெச்சவன் நானு. மைக்கைக் கையில குடுத்துட்டு ஓரமா நின்னுக்குவேன். அதனால சத்தத்தை வெச்சே ஆளைச் சொல்லிருவேன். கோகிலா செருப்புக் கழட்டறதே தனிச் சத்தம். குனிஞ்சு கழட்ட மாட்டா, காலை ஒதறுவா. ஒண்ணு படியில விழுகும், இன்னொண்ணு பறந்து போயி வாசல்ல இருக்கற சில்வர் அண்டாவுல அடிக்கும். டப்பு, டங்கு. எத்தனை ஏச்சு வாங்கியிருக்கறா அதுக்கு! அந்தச் சத்தம் கேட்டாப் போதும், ராமாத்தா தோசைக்கல்லை அடுப்புல வெச்சுருவா. இந்த வூட்ல எனக்குப் புடிச்ச சத்தம் அது ஒண்ணுதான். இதையும் நான் சொன்னதில்ல. இவகிட்டக்கூடச் சொன்னதில்ல.

லைட்டு மினுக்குது! செவப்பு... செவப்பு... டவர் தேடுதா? தேடட்டும், தேடட்டும். ஓ, பச்சை! பச்சை வந்துருச்சு கண்ணு! பாரு, தலையைத் தூக்கிருச்சு. ஒரு சுத்து சுத்துது. இந்தப் பக்கம் வா. இதா, இங்க. என்னைப் பாக்குது.

தானாத்தான் பாக்குதுன்னு தெரியும், சொன்னியே. இருந்தாலும் இருக்கட்டும்.

இப்ப அந்தப் பொத்தல் வேலை செய்யுமா? செரி. கண்ணு, நான் உன்கிட்டத்தான் பேசறேன், நல்லாக் கேட்டுக்க. ஆணையை நான் மீறல. நீ ஸ்டூல் மேல இருக்கறே, நான் கீழ இருக்கறேன், அதனால கொஞ்சம் சத்தமாப் பேசறேன். பக்கத்துல வேற யாருக்காச்சும் கேட்டா அதுக்கு நான் பொறுப்பில்ல.

கண்ணு, எனக்கு இருமல் நின்னுருச்சு. மாத்திரை ஒழுங்காப் போடறேன். வாசல் போர்டை நான் அழிக்கல, அழிக்கப் போறதும் இல்ல, அதெல்லாம் வாய்ப்பேச்சு. திட்டுனதையெல்லாம் யாரும் மனசுல வெச்சுக்க வேண்டாம். திட்டாம நான் எந்தக் காலத்துல பேசியிருக்கறேன்? எனக்கு வேற விதமாப் பேசத் தெரியல. எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு மட்டும் எனக்குத் தெரியோணும். வரக்கூட வேண்டாம். என்னைப் பாத்துட்டு இருந்தாப் போதும், பூனையோட பூனையா நானும் இருந்துட்டுப் போறேன். ஆனா போனை எடுக்கோணும் கண்ணு. அப்பக் கேக்காட்டியும் அப்புறமாச்சும் எடுத்துப் பாத்துத் திருப்பிக் கூப்பிடோணும். கூப்பிடறவங்க என்ன நெலமையில கூப்பிடறாங்கன்னு நமக்கென்ன தெரியும்...

ஏன், எங்க திரும்புது?

நான் இங்கதானே நிக்கறேன். அசையாம நின்னேனே, அதனாலயா? இதா, கையை ஆட்டறேன். பாரு, என்னைப் பாக்காம வாசலையே பாக்குது. பூனையா? பூனைதானே கண்ணு? நீ அங்கயிருந்து பாத்தாத் தெரியுமில்ல? எதுக்கு ஸ்டூலை உட்டு எறங்கறே? யாரைப் பாத்துச் சிரிக்கறே?

இரு. பேசாதே. ஏதோ சத்தம்.

டப்பு.

டங்கு.

நான் திரும்ப மாட்டேன் கண்ணு. மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு ராமாத்தா மேல ஆணை போட்டவன் நான். தோளைப் புடிக்காதே, நான் திரும்ப மாட்டேன். நீ பாரு. நீ நல்லாப் பாத்து எனக்குச் சொல்லு. மெதுவாச் சொல்லு, அவளுக்குக் கேக்கப் போகுது.

எளைச்சிருக்கறாளா?